வெங்காயம் உரிக்கக் கூசும் குடும்பம்

அப்பா,

இன்று நம் வீட்டைப் பார்க்க ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். மேல்மாடியிலிருந்து ஓனரம்மா இறங்கி வந்து, "பெட்ரூமத் தெறந்து காட்டும்மா" என்றார். திறந்தேன். ஸ்பிரிட்டும் பஞ்சும் கலந்த உன் வாசனை முதலில் வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் அவர்கள் உள்ளே போனார்கள்.

இருப்பதே ஒரு பெட்ரூம். அது உனக்கு, ஹால் எனக்கும் அம்மாவுக்கும், கிச்சன் கரப்பானுக்கு என்று குடிவந்த அன்றே நான் பாகப்பிரிவினை செய்துவிட்டேன். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்காக, முன்பு குடியிருந்த பொம்மசந்திராவிலிருந்து வந்து, ஓசூர் ரோட்டு டிராஃபிக்கிலேயே நீ பாதி கரைந்துபோனதால்தான் இந்த ஜெயநகர். "ஆஸ்பத்திரிக்கு நடந்து போயிடலாம். வாடகைக்குத்தான் ஓடணும்" என்றாள் அம்மா.

எத்தனை வீடு ஏறி இறங்கினோம்! வீட்டைப் பார்ப்பதற்கு முன் நீ உட்கார ஒரு படியைப் பார்ப்பாய். ஒரு வீட்டில் சீக்காளி ஆகாது என்றார்கள். இன்னொன்றில் மூன்று பேர் அதிகம் என்றார்கள். இங்கே ஓனரம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வெஜ் தானே?" அம்மா குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினாள். நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாய். நான் முந்திக்கொண்டேன்.

"ஆன்ட்டி, நாங்க வெங்காயம் உரிக்கவே கூச்சப்படுவோம்."

அவர் சிரித்துவிட்டார். சாவி கிடைத்தது.

"உன் வாய்க்குக் கெடச்ச வீடுடி இது, வாயாடி" என்றாய். கன்னடத்தில் வாடகைக்குப் பாடிகெ, கறிக்குப் பாடு. விடுவேனா? "பாடிகெ குடுக்கணும், பாடு திங்கக் கூடாது. அப்ப நம்ம பாடு?" என்றேன். "திண்டாட்டம்" என்று நீ சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

திண்டாட்டம் நிஜமாகவே வந்தது. முட்டை வெள்ளைக்கரு, மீன் எல்லாம் சாப்பிடச் சொன்னார் டாக்டர். கடைச் சாப்பாட்டில் உப்பு அதிகம், தொடவே கூடாது என்றும் சொன்னார். ஆக, அம்மா கையால், இந்தக் கிச்சனில் செய்தால்தான் உண்டு.

"ரெண்டே ரெண்டு துண்டு மீன். ஜன்னலச் சாத்திட்டு வறுக்கச் சொல்லேன்" என்று நீ என்னிடம்தான் கேட்டாய்.

"ஓனரம்மா மோப்பம் புடிச்சா மூட்டையக் கட்டணும்ப்பா. அடுத்த மாசம் பாக்கலாம்."

"சரி விடு. மீனு எங்க போவப் போவுது."

மீன் எங்கேயும் போகவில்லை.

இனி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய தேவை இல்லாததால் காலி செய்கிறோம். அதனால்தான் இன்று இவர்கள் வந்தார்கள். அந்தப் பெண் கிச்சன் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஆன்ட்டி, எங்க மாமனாருக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆயிருக்கு. முட்டை, மீன் குடுக்கச் சொல்லியிருக்காங்க. செய்யலாமா?"

ஓனரம்மா கொஞ்சம் யோசித்தார். அவ்வளவுதான், ஒரு குடம் நிறையும் நேரம்கூட இல்லை. "நாங்க சாப்பிடறதில்ல. ஆனா ஹுஷார் இல்லாத, ஒடம்பு முடியாதவருக்குத்தானே? ஜன்னலத் தெறந்து வெச்சு செய்ங்க. கேட்டீங்க அல்வா, அது போதும்."

சாவிக்கொத்தோடு நான் நின்றுகொண்டிருந்தேன். அல்வா என்றால் கன்னடத்தில் அல்லவா. தமிழ் அல்வாவைக் கொடுத்தவள் நான். ஓனரம்மாவுக்கு மட்டும்தான் கொடுத்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே களைத்திருக்கிறாள். நாளை ஸ்ரீராம்புரத்தில் வீடு பார்க்கப் போகிறோம், மறுபடியும் முதல் படியிலிருந்து. "அங்க வந்து வாயத் தெறக்காத" என்று இப்போதே எச்சரித்துவிட்டாள்.

திறப்பேன் அப்பா. அந்தப் பக்கம் யாரும் வெஜ்ஜா என்று கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் வாசலிலேயே சொல்லிவிடுவேன்: "நாங்க மீன் சாப்பிடுவோம். எங்கப்பாவுக்கு ரொம்பப் புடிக்கும்."