முட்டி மேல் போட்ட பழி

அன்புள்ள மைதீன் பாத்துவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உம்மாவுக்கு இருமல் நின்றதா?

போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய், அதனால் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வலது முட்டியில் வலி. நாள் முழுக்கப் பை தைக்கிற மெஷினில் மிதிக்கிற கால்தானே, ஓய்வு கொடுப்போம் என்று ஐந்து வேளையும் ஸ்டூலில் உட்கார்ந்தே தொழுதேன். வலி கூடிவிட்டது.

நேற்று இங்கே தாராவியில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். பிசியோதெரபி பார்க்கிற பெண் செம்பூர்த் தமிழ்ப் பிள்ளை. முட்டியை லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டு, குப்புறப் படுக்கவைத்துக் காலைப் பின்னால் மடக்கினாள். பாதிகூட மடங்கவில்லை. தொடை தோல்வார் மாதிரி விறைத்து நின்றது.

"முட்டிய ஏன் திட்டுறீங்க அங்கிள்? ஒக்காந்தே இருந்து தொடை இறுகிடுச்சு, அது முட்டிய இழுக்குது. அடிக்கடி எந்திரிச்சு நடங்க" என்றாள்.

ஸ்டூல் சங்கதியைச் சொன்னேன். "அப்ப, எந்திரிக்கிற அஞ்சு தடவையையும் நிறுத்திட்டீங்களா?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வலி ஓரிடம், காரணம் வேறிடம்! இத்தனை வருஷம் சுமந்த காலைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை பார்.

பீடி சுற்றி எழும்போது உனக்கு இடுப்பு பிடிக்கிறதே, அதுவும் இப்படித்தானோ?

இனி ஸ்டூல் இல்லை. என்கூடத் தைக்கிற அல்தாப் ஊரிலிருந்து திரும்பும்போது அவனிடம் உன் தொழுகைப் பாயைக் கொடுத்துவிடு. புதுசு வேண்டாம், நீ தொழுகிற பாய்.

டீ நேரம் முடிந்துவிட்டது. மணிக்கொரு தரம் எழுந்து நிற்கிறேன். நீயும் அதே நேரம் மடியிலிருக்கிற பீடித் தட்டை இறக்கிவைத்து எழுந்திரு. அந்த ஒரு நிமிஷமாவது இரண்டு பேரும் சேர்ந்து நிற்போம்.

செய்யது மசூது