அவுரி நீல வண்டியும் மலிவு விலைத் துப்பாக்கியும்

மே 6, செவ்வாய்

இன்று என் சொந்த வண்டியை யாருடையதோ என்று சொல்லிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் செய்கிற காரியமா இது?

சூப்பர் மார்க்கெட்டில் டோஃபுவும் கையுமாக வரிசையில் நிற்கிறேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல்: "வாசலில் ஒரு சிறிய வேன் விளக்கு எரிந்தபடி நிற்கிறது. மஞ்சள் நம்பர் பலகை. நிறம்..." குரல் தடுமாறியது. "நிறம்... பழுப்பு மாதிரி." வெள்ளை! அது வெள்ளை வண்டி! மீதியெல்லாம் துரு.

பின்னால் நின்ற பெண், "யாரோடதோ, பாவம்" என்றாள்.

"ஆமா, பாவம்" என்றேன் நானும்.

போய் அணைத்திருக்கலாம். இத்தனை பேர் பார்க்கும்போதா? ஊறுகாய் அடுக்குகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஒளிந்திருந்தேன். வெளியே வந்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. ஷுஜி அலுவலகத்துக்குப் போகாத விடுமுறை நாளானதால் வந்து வயர் கொடுத்துக் கிளப்பினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இருபத்தாறு வருட மணவாழ்க்கையில் கணவரின் மௌனத்தை எடைபோட எனக்குத் தெரியும். இது ஐந்து கிலோ.

மே 8, வியாழன்

ஹோரிகொமே சானைத் தபால் நிலையத்தில் பிடித்தேன். கடைவீதிச் சங்கத் தலைவர். ஜூன் முதல் தேதி ஸ்டேஷன் முன்னால் நடக்கும் சந்தையில் யாருக்கு எந்த இடம் என்பது அவர் சங்கத்தின் கையில். போன வருடம் எனக்குக் கிடைத்த இடம் பொதுக் கழிப்பறைக்குப் பக்கம். நான் வண்டியில் வைத்து விற்கும் யாகிமஞ்சுவை, மிசோ என்ற சோயா விழுது பூசிச் சுட்ட மாவுருண்டையை, அங்கே நின்று யார் தின்பார்கள்? வரிசை நீளமாகத்தான் இருந்தது, ஆனால் அது என் வரிசை இல்லை. முன்வரிசையில் க்ரேப் விற்கிற தம்பதியின் ரோஜா நிற வண்டி. இந்த வருடமும் சந்தையில் விற்காவிட்டால் கடையை மூடிவிட்டு எங்காவது வேலைக்குப் போவதாக ஷுஜியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்குக் கொடுத்தபோது எனக்கு லேசான காய்ச்சல். ஆனாலும் வாக்கு வாக்குதான்.

"இந்த வருஷமாவது முன்வரிசை கிடைக்குமா ஹோரிகொமே சான்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே நின்ற என் வண்டியைப் பார்த்தார். "அது வந்து, கராசாவா சான்... இப்ப... கொஞ்சம்..."

அவ்வளவுதான். எங்கள் ஊரில் பாதியில் விட்ட வாக்கியத்தைக் கேட்டவர்தான் முடித்துக்கொள்ள வேண்டும். முடிக்கத் தெரியாதவன் நாகரிகம் இல்லாதவன். நான் வாசல் தாண்டுவதற்குள் முடித்துவிட்டேன்: உங்கள் வண்டி இந்த லட்சணத்தில் இருந்தால் எப்படியம்மா முன்னால் நிறுத்துவது?

"புரிஞ்சுது! வண்டிக்குப் புது பெயின்ட் அடிச்சுடறேன். பாத்துட்டே இருங்க!"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். "ஓ... ஆவலா இருக்கேன்" என்றார்.

மே 9, வெள்ளி

பெயின்ட் பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றிவந்து ஒரு தொகை சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. பக்கத்து வரிகள் பயந்துவிடும்.

திரும்பும் வழியில் வீட்டுச் சாமான் கடையில் ஒரு ஸ்ப்ரே கன் வாங்கினேன். மேலே கிண்ணம் வைத்தது. 3,480 யென். ஷுஜி டயருக்குக் காற்றடிக்க வாங்கிப்போட்ட கம்ப்ரசர் வீட்டில் இருக்கவே இருக்கிறது.

"என்ன நிறம்?" என்றார் ஷுஜி.

"அவுரி நீலம்."

"வெள்ளையே அடி. தப்பு பண்ணினாலும் தெரியாது."

"தப்பே தெரியாத வேலைல என்ன பெருமை இருக்கு?"

சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருந்தது.

மே 11, ஞாயிறு

சத்தத்துக்கும் நாற்றத்துக்கும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்க, பக்கத்து வீட்டு நகுமோ சானிடம் ஒரு பெட்டி பிஸ்கட் கொடுத்துவிட்டு வந்தேன். மாலையே அவர் பதிலுக்கு ஒரு தட்டு ஸ்ட்ராபெர்ரி கொண்டுவந்தார். என் பிஸ்கட்டைவிட உசத்தி. இப்போது நான் அதைவிட உசத்தியாக ஏதாவது கொடுத்தாக வேண்டும். வண்டி நீலமாவதற்குள் நாங்கள் இருவரும் ஓட்டாண்டி ஆகிவிடுவோம்.

வாட்டர் பேப்பர் வைத்துத் துருவைத் தேய்த்தேன். பின்கதவில் விரல் மறுபக்கம் போய்விட்டது. பட்டி பூசி அடைத்தேன்.

மே 12, திங்கள்

ஒத்திகை. பழைய சலவை இயந்திரத்தின் மூடியில் அடித்துப் பார்த்தேன். புதுத் துப்பாக்கிக்குள் ஆலையில் போட்ட எண்ணெய் இருக்கும், தின்னர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். கழுவினேன். இந்த ஒரு விஷயத்திலாவது நான் புத்திசாலி என்பதைப் பதிவு செய்கிறேன், ஏனென்றால் அடுத்து வருவது அப்படி இல்லை.

கையை ஒரே இடத்தில் நிறுத்தி அழுத்தினேன். வண்ணம் கண்ணீர் மாதிரி வழிந்தது. பயந்துபோய்த் தள்ளி நின்று அடித்தேன். காய்ந்தபின் தொட்டால் யூசு எலுமிச்சைத் தோல், சொரசொரவென்று.

மே 14, புதன்

இன்றும் யூசு. சாறு பிழியலாம்.

மே 15, வியாழன்

பிடிபட்டுவிட்டது!

காலையில் கடைக்கு மஞ்சு சுட்டுக்கொண்டிருந்தேன். மிசோவை எப்படிப் பூசுகிறேன்? முதலில் மெலிதாக ஒரு தடவல். தணலில் காட்டிக் கொஞ்சம் இறுகவிட்டு அடுத்த தடவல். கை முதல் மஞ்சுவுக்கு வரும் முன்பே நகர ஆரம்பித்திருக்கும், கடைசி மஞ்சு தாண்டியும் நகரும். பத்தொன்பது வருடமாக இதைத்தானே செய்கிறேன், அறிவுகெட்டவளே!

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். ஒரு சாண் தூரம். கை நகரத் தொடங்கியபின் விசை. முதல் பூச்சு பனி மாதிரி. முன் பூச்சில் பாதியை அடுத்த பூச்சு மூட வேண்டும். சலவை இயந்திர மூடியில் என் முகம் தெரிந்தது. மூக்கில் நீலப்பொட்டு. இவ்வளவு அழகாக நான் எந்தக் கண்ணாடியிலும் இருந்ததில்லை.

மே 17, சனி

இடப்பக்கம் முழுவதும் முடிந்தது. கம்ப்ரசர் சின்னது. அரைக்கதவு அடித்தால் மூச்சு வாங்குகிறது, நிறுத்திக் காத்திருக்க வேண்டும். எனக்கும் அப்போதுதான் மூச்சு வாங்குகிறது என்பதால் நல்ல ஜோடி.

துப்பாக்கிக்கு ஒரு கெட்ட பழக்கம்: சாய்த்துப் பிடித்தால் கிண்ண மூடியின் துளை வழியாகச் சொட்டும். மூடியைச் சுற்றி ஒரு பழந்துணி கட்டினேன். ஷுஜி பார்த்துவிட்டு, "என்ன, துப்பாக்கிக்குத் தலைவலியா?" என்றார். கூரைக்கு அடித்தபோது ஒரு சொட்டுகூட விழவில்லை. இந்தத் தலைப்பாகைக்கு நான் காப்புரிமை வாங்கலாம்.

மே 18, ஞாயிறு

நகுமோ சான் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஞாயித்துக்கிழமை கூட ஓய்வில்லாம உழைக்கிறீங்களே! பாக்கவே பெருமையா இருக்கு" என்றார். முடித்துக்கொண்டேன்: கம்ப்ரசரை அணையுங்கள், தலை வெடிக்கிறது. அணைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. வாக்கியத்தை முடிப்பதில் இந்தத் தெருவில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

மே 20, செவ்வாய்

அழுதுவிட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும்.

வலப்பக்கம் கெட்டுப்போச்சு. மஞ்சு விற்கிற ஜன்னல் இருக்கிற பக்கம். அடிக்க அடிக்க வண்ணம் விலகி விலகி ஓடுது - மீன் கண் மாதிரி வட்ட வட்டக் குழி, நூறு இருக்கும். துப்பாக்கிதான் மோசம், மலிவு சாமான்னா இப்படித்தான்னு கத்தினேன். ஷுஜி வந்து இன்னும் அடிக்காத ஓரத்தை விரலால தடவி, விரலை நாக்குல வெச்சார்.

"மிசோ" என்றார். "நல்லாத்தான் இருக்கு."

பத்தொன்பது வருட எண்ணெயும் மிசோவும் அந்தத் தகரத்துக்குள் ஊறிக் கிடக்கிறது. துப்பாக்கிமேல் தப்பில்லை. தப்பு என் தொழில்மேல்.

இன்னும் பன்னிரண்டு நாள்தான். கழிப்பறைப் பக்கத்திலேயே நின்றுவிடலாமா? இல்லை, பேசாமல் வேலைக்கே போய்விடலாமா?

"விட்டுடு, நாளைக்குப் பட்டறைல கேக்கலாம்" என்றார் ஷுஜி. அவர் அப்படிச் சொன்னதும்தான் விடக்கூடாது என்று தோன்றியது. மனிதருக்கு என்னைத் தெரியும். வேண்டுமென்றே சொன்னாரோ?

மே 21, புதன்

மழை. ஈரத்தில் அடித்தால் வண்ணம் பால் பூத்தது போல வெளுத்துவிடும். அடிக்கவில்லை. தேய்த்தேன்.

மே 22, வியாழன்

தேய்த்தேன்.

மே 24, சனி

எண்ணெய் நீக்கும் திரவம் போட்டு ஐந்து முறை துடைத்தேன். ஆறாவது முறை துணி வெள்ளையாகவே வந்தது. அகாகி மலைக் காற்றும் இன்று லீவு போட்டிருந்தது. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு ஆரம்பித்தேன். பனி. காத்திருப்பு. இன்னொரு பனி. காத்திருப்பு. பிறகு ஒரு முழுப் பூச்சு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கை நடுங்காமல்.

ஒரு மீன்கூடக் கண் திறக்கவில்லை.

ஷுஜி வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார். "இது நம்ம வண்டியா?" என்றார்.

"இல்ல, பக்கத்து வீட்டுது."

மே 26, திங்கள்

மெருகேற்றினேன். நகுமோ சான் பார்க்க வந்தார். வண்டியில் தெரிந்த தன் பிம்பத்தில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போனார். பாராட்டு வார்த்தைகளை எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. ஆனால் தலைமுடி பொய் சொல்லாது. கீழே ஓரத்தில் ஒரு கொசு ஒட்டியிருக்கிறது. அதற்கும் இரண்டு பூச்சு போட்டிருக்கிறேன். எங்கே என்று யாருக்கும் சொல்லமாட்டேன்.

மே 28, புதன்

சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. முன்வரிசை. நட்ட நடுவில்!! க்ரேப்காரர்கள் கழிப்பறைப் பக்கம். ஷுஜி அலுவலகத்தில் மீட்டிங்கில் இருந்தார், ஆனாலும் கூப்பிட்டேன். 3,480 யென் துப்பாக்கியைக் கழுவித் துடைத்து, தலைப்பாகையோடு அலமாரியில் வைத்தேன். இனி வாழ்க்கையில் எவனாவது மலிவு சாமான் என்று சொல்லட்டும், பார்க்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

ஒன்றரை மணிக்கே மஞ்சு தீர்ந்துவிட்டது. வண்டியோடு நின்று எத்தனை பேர் படம் எடுத்தார்கள்! ஒருவர், "எந்தப் பட்டறைல அடிச்சீங்க?" என்று கேட்டார். சொல்லாமல் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மட்டும் ஒரு லட்சம் யென் பெறும். ஷுஜி கல்லாவில் நின்றார். வேலைக்குப் போகும் பேச்சை அவர் எடுக்கவில்லை. நான் எடுப்பேனா?

கடைசி மூன்று மஞ்சுவை ஹோரிகொமே சானுக்கு எடுத்து வைத்திருந்தேன். தின்றார். "நீங்க அன்னிக்கு வண்டியைப் பாத்த பார்வைதான் என்னை எழுப்பி விட்டுது" என்று நன்றி சொன்னேன்.

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "மன்னிக்கணும் கராசாவா சான். உங்க முகத்தைப் பாத்தா உளறிடுவேனோன்னு பயமா இருந்துது. அதான் அந்தப் பக்கம் பாத்தேன். கடிதம் போற வரைக்கும் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு விதி. அப்புறம் நீங்க அவ்வளவு ஆசையா பெயின்ட் அடிக்கறேன்னீங்க... குறுக்கே பேச..."

மனசு வரவில்லை. முடித்துக்கொண்டேன்.

இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப்போட்டது ஏப்ரல் 28-ஆம் தேதியாம்.