வலிக்கவில்லை என்கிறாள் உன் அம்மா

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? இங்கே நாங்கள் நலம். உன் அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ‘ரொம்ப நலம்னு போடுங்க’ என்கிறாள். ஆகவே ரொம்ப நலம். ஃபோனில் எனக்கு ‘ம், சரி, வெச்சிடட்டுமா’ தவிர வேறு பேச்சு வராது என்று நீயே கேலி செய்வாய். பேனா பிடித்தால்தான் என் வண்டி ஓடும். அதனால்தான் பார்சலோடு கடிதமும் வருகிறது.

பார்சலில் இருக்கும் கம்பளிக் கையுறை கடையில் வாங்கியது. இந்த முறை பின்னுவதற்கு உன் அம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லையாம். பல்செட் லேபில் அவ்வளவு வேலை. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், தன் சொந்தப் பல்லில் இருந்த மாதிரியே முன்னால் சின்ன இடைவெளி வேண்டும் என்று அடம்பிடிக்கிறாராம். உன் அம்மா மெழுகில் பல்லை நட்டு அனுப்ப, அவர் திருப்பி அனுப்ப, இதுவே பிழைப்பாகிவிட்டது. ‘இருந்தப்ப ஒழுங்கா தேய்க்கலை, போனப்புறம் இவ்ளோ பாசமா’ என்று முதலாளி காதில் விழும்படியே சொன்னாளாம்.

ஆய்வைப் பற்றிக் கேட்டிருந்தாய். அன்றைக்கு ஃபோனில் உளறிவிட்டேன், இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். உன் அம்மாவைப் போல முடக்குவாதம் வந்து, ஊசி போட்டு, வலியும் வீக்கமும் இல்லாமல் வெகுகாலமாக நன்றாக இருப்பவர்களை இதில் சேர்த்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு அதே மருந்து. மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி ஊசி, உள்ளே மருந்து மட்டும் இருக்காது. யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. மருந்தை நிறுத்தினால் யாருக்கு நோய் திரும்புகிறது, யாருக்குத் திரும்பவில்லை என்று பார்க்கிறார்கள். திரும்பியவர்களுக்கு உடனே பழைய மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

மூட்டுகளை அமுக்கிப் பார்ப்பதற்கென்றே ஒரு டாக்டரம்மா தனியாக இருக்கிறார். நோயாளி என்ன ஊசி போடுகிறார், வீட்டில் எப்படி இருக்கிறார் என்று அவர் எதையும் விசாரிக்கக் கூடாதாம். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் கணு, முழங்கால் என்று ஒவ்வொன்றாக அமுக்கி ‘வலிக்குதா’ என்பார், அவ்வளவுதான். உன் அம்மா அவருக்கு ‘அமுக்கு டாக்டர்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். எங்கே அமுக்கினாலும் ‘வலிக்கலையே’ என்று சிரித்துவிட்டு வருகிறாள்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. ஃப்ரிட்ஜில் ஐஸ் தீரத் தீரப் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நீ உன் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள். ‘உனக்கும் சீக்கிரமே அது தேவைப்படாம போயிடும், அம்மா சொல்றேன்னு எழுதுங்க’ என்கிறாள். எழுதிவிட்டேன். படித்துப் பார்த்துவிட்டு, ஒட்டலாம் என்று உத்தரவும் கொடுத்துவிட்டாள்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உன் நினைவோடு,
அப்பா


என் கண்ணே,

இந்தக் கடிதத்தை என் கடையில், பழுதுக்கு வந்த ஒரு ஃப்ரிட்ஜின் தலைமேல் வைத்து எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு இது தெரியாது. பதில் எழுதினால் கடை முகவரிக்கு எழுது.

இங்கே வெயில் இல்லை. மழை விட்டபாடில்லை. ஐஸ் போட்டது உன் அம்மாவின் கைக்கு.

காலையில் எழுந்தால் அவளுக்கு விரல் மடங்குவதில்லை. குழாயை முழங்கையால் தள்ளித் திறக்கிறாள். தலை வாரிவிடச் சொல்லி என் முன்னால் உட்காருகிறாள். காப்பர் ட்யூப் வளைத்துப் பழகிய கைக்குப் பின்னல் எங்கே வரும்? கோணலாக ஒரு ரப்பரைப் போட்டுவிடுகிறேன். லேபில் கேட்டால் இதுதான் இப்போதைய நாகரிகம் என்று சொல்லிக்கொள்கிறாளாம். ஏசி ட்யூபின் மேல் சுற்றுகிற கறுப்பு ஃபோம் உனக்கு ஞாபகமிருக்கும், சின்ன வயதில் அதை வாள் மாதிரி சுழற்றுவாய். அதைத் துண்டு துண்டாக வெட்டி அவளுடைய பல் தேய்க்கும் பிரஷ், ஸ்பூன், மெழுகு செதுக்கும் கத்தி எல்லாவற்றுக்கும் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். பிடி தடிமனாக இருந்தால் விரலை அதிகம் மடக்க வேண்டியதில்லை. லேபில் முதலாளி அந்தப் பக்கம் வந்தால் மட்டும் கழற்றி மடியில் போட்டுக்கொள்கிறாள்.

நீதிபதி இடைவெளி கேட்டது நிஜம்தான். ஆனால் கடைசி முறை அவர் திருப்பி அனுப்பியது அதற்காக இல்லை. பல் கோணலாக இருந்தது. உன் அம்மா நட்ட பல் கோணலாக இருந்து நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? வலது கை மோதிர விரல் லேசாகச் சுண்டு விரல் பக்கம் சாய ஆரம்பித்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

ஆய்வுக்குப் போகிற நாளுக்கு முன்னாலேயே கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். அது கூடாது என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ‘வேற மாத்திரை ஏதாவது எடுத்தீங்களா’ என்று நர்ஸ் கேட்டால் கூசாமல் இல்லை என்கிறாள். போகிற நாள் காலையில் நான் ஐஸை உடைத்துத் துணியில் கட்டிக் கொடுக்கிறேன். வீக்கம் வடிகிற வரைக்கும் இரண்டு கையையும் அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் குளிர்சாதனம் பழுதுபார்க்கிறவன் பெண்டாட்டிக்கு ஐஸுக்கா பஞ்சம் என்று ஒரு சிரிப்பு வேறு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் பொய்க்கு நானும் கூட்டு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கட்டிக் கொடுக்கிறேன். கொடுக்காவிட்டால் தானே உடைக்கப் போவாள்.

போன முறை நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அமுக்கு டாக்டர் அவள் விரல் கணுவை இரண்டு பக்கமும் பிடித்து அமுக்குகிறார், முகத்தைப் பார்க்கிறார். முகம் சிரிக்கிறது. நான் கட்டிலுக்குக் கீழே தொங்கிய அவளுடைய காலைப் பார்த்தேன். ஒவ்வொரு கணுவுக்கும் கால்விரல் செருப்பைக் கவ்விப் பிடித்து, விட்டு, மறுபடியும் பிடிக்கிறது. ‘வலிக்குதாம்மா?’ ‘வலிக்கலை டாக்டர்.’ அந்த அம்மா மேல் குற்றமில்லை. அவர் கையைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், செருப்பை யார் பார்ப்பார்கள்? ரத்தப் பரிசோதனையில் ஏதோ கூடியிருந்தது. சளி பிடித்திருந்தது என்று அதையும் சமாளித்துவிட்டாள்.

ஏன் இப்படிச் செய்கிறாள் என்று கேட்பாய். சொன்னால் உனக்கு மனசு கஷ்டப்படும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. உனக்கும் இதே நோய்தான் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நீ ஃபோனில் அழுதாய். ‘இந்த ஊசியை ஆயுசு பூரா போடணுமாம்மா’ என்று கேட்டாய். வேறு ஒன்றும் கேட்கவில்லை. உன் அம்மா தன் ஊசியை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. இந்த ஆய்வில் சேரச் சொல்லி ஆஸ்பத்திரியில் முன்பே கேட்டிருந்தார்கள். நல்லா இருக்கிற உடம்பைக் கெடுப்பானேன் என்று மறுத்தவள், மறுநாளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அவள் கணக்கு இதுதான். தன்னைப் போலப் பல பேர் வலிக்கவில்லை என்று சொன்னால், இந்த மருந்தை நிறுத்தலாம் என்று எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டால் உனக்கும் நிறுத்திவிடுவார்கள்.

இதை உன் மேல் போடுகிற பழியாக எடுத்துக்கொள்ளாதே. அம்மாவிடம் அழாமல் வேறு யாரிடம் போய் அழுவாய்?

ஆய்வில் சேரும்போது பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, ‘வலி வந்தா மறைக்காதீங்கம்மா. வலிக்குதுன்னு நீங்க சொல்றதும் எங்களுக்கு ஒரு பதில்தான்’ என்றார். நான் அதைக் கேட்டேன். அவளும் பக்கத்தில்தான் இருந்தாள், ஆனால் அவள் காதில் அது ஏறவே இல்லை. பரீட்சையில் பாஸாகப் போகிறவள் மாதிரிதான் போய் வருகிறாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். உன் பொய்யை நம்பி நாளைக்கு ஒரு டாக்டர் நம் பெண்ணின் மருந்தை நிறுத்தி, அவளும் இப்படிக் குழாயை முழங்கையால் திறந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். இதோடு வழிக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாக, ‘அப்போ எனக்கு நிஜமாவே வலிக்காம இருக்கணும், அவ்வளவுதானே’ என்றாள். சொல்லிவிட்டுக் கையை மூடித் திறந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். உன் மேல் சத்தியம். அப்படியும் ஒருநாள் தனியாகப் போனேன். ஆய்வு நர்ஸின் அறை வாசல் வரைக்கும் போய்விட்டேன். ‘என்ன சார்?’ என்றார் அந்தப் பெண். வாய் வரைக்கும் வந்தது. அங்கே மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜின் கதவு சரியாக மூடாமல் முனகிக்கொண்டிருந்தது. ‘இந்தக் கதவு ரப்பர் போயிடுச்சும்மா, குளிர் வெளியே வருது’ என்றேன். வேறு ரப்பர் எடுத்து வந்து மாட்டிக் கொடுத்தேன். டீ வாங்கிக் கொடுத்து நன்றி சொன்னார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். உன் அப்பாவின் வீரம் இவ்வளவுதான்.

உன் அம்மாவின் ஊசிகள் நம் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் இருக்கின்றன. தெர்மாமீட்டர் வைத்துக் காவல் காக்கிறேன். ஓடுகிற சத்தத்தை வைத்தே பழுது கம்ப்ரசரிலா, ரிலேயிலா என்று சொல்லிவிடுகிறவன் நான். ஒரு ஊசியை எடுத்து விளக்கில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி இருக்கிறது. வெறும் தண்ணீர் என்றால் ஒரு வார்த்தையில் தீர்ந்துவிடும், வலிக்குது என்று சொன்னால் மருந்து வந்துவிடும். மருந்தேதான் உள்ளே போகிறது, அது இவளுக்குக் கேட்காமல் போய்விட்டது என்றால்? அந்த நினைப்பு வந்ததும் ஊசியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன்.

கடையிலிருந்து ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம் என்பாய். போன வாரம் காரணமில்லாமல் கூப்பிட்டேனே, இதைச் சொல்லத்தான். நீ ‘அப்பா’ என்றதும் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

இந்த மாதக் கடைசியில் மறுபடியும் அமுக்கு டாக்டரிடம் போக வேண்டும். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். வந்ததும் அம்மாவைக் கூப்பிடு. நான் எழுதினேன் என்றே சொல், அவளிடம் திட்டு வாங்குவது எனக்குப் புதிதா என்ன. டாக்டரிடம் சொல்லக் கூடாது என்றுதான் சத்தியம் வாங்கினாள், உன்னிடம் சொல்வேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆயுசு முழுக்க ஊசி போட்டுக்கொள்ள உனக்குப் பயமில்லை என்று அவளிடம் சொல். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல், ஆனால் அவள் கையைக் கொடுத்து உன் பயத்தைத் தீர்க்க முடியாது என்றும் சொல்லிவிடு. நீ சொன்னால் கேட்பாள். கேட்கவில்லை என்றால் எனக்கு வேறு வழி தெரியவில்லை, கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். நீயும் ஃபோனில் ‘வலியே இல்லப்பா, சூப்பரா இருக்கேன்’ என்கிறாய். அந்தக் குரலை நான் வீட்டில் தினமும் கேட்கிறேன். வீடியோவில் பேசும்போது உன் கை எப்போதும் மேசைக்குக் கீழேயே இருக்கிறது. மாப்பிள்ளைதான் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த உறையில் இரண்டு அடி ஃபோம் சுருட்டி வைத்திருக்கிறேன். கத்தரிக்கோலால் வெட்டினாலே போதும், பிரஷ், பேனா, சாவி எதில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். உனக்கு அது தேவைப்படாமல் குப்பையில் போகட்டும். நீங்கள் இருவரும் நூறு வயசு வரைக்கும் விரலை மடக்கி நீட்டி என்னை மிரட்டிக்கொண்டிருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். தேவைப்பட்டால் மட்டும் எவ்வளவு வேண்டும் என்று எழுது, அனுப்புகிறேன். வலிக்கிறது என்று உங்கள் இரண்டு பேரில் ஒருத்தியாவது என்னிடம் சொல்லுங்கள் அம்மா.

உன் பதிலுக்காகக் கடை வாசலைப் பார்த்தபடி,
அப்பா