பூஜை அலமாரியில் சிங்காரம்

ஐப்பசி 20, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. விறகெல்லாம் ஈரம். சமையலறை முழுக்கப் புகை, கண்ணைத் திறக்க முடியவில்லை.

இவருடைய நாடக சபையில் சனிக்கிழமை சிங்காரம் நடிக்கிறாராம். டாக்கிப் படத்தில் மகானாக வந்த அதே சிங்காரம். சபையில் இவருக்கு வேஷம் கிடையாது. வீடு வீடாய் மேஜை நாற்காலி இரவல் கேட்கிற உத்தியோகம்தான். இந்தத் தடவை எங்கள் வீட்டு சாய்வு நாற்காலியே போகிறது, மாமனார் உட்கார்ந்தது. மாமியார் ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

எப்படி மறுப்பார்? அந்தப் படத்தின் பாட்டுப் புஸ்தகத்து அட்டையைக் கத்தரித்து, கண்ணாடி போட்டு, சிங்காரத்தை முருகனுக்குப் பக்கத்தில் வைத்தவரே அவர்தான். தினம் குங்குமம் வேறு. முதலில் எனக்குச் சிரிப்பு. இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போனபிறகு சிரிப்பெல்லாம் எங்கே? சாயங்காலம் விளக்கேற்றி நானும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன், இதையாவது காப்பாற்று என்று. இப்போது ஏழாம் மாதம். இவ்வளவு தூரம் வந்தது இதுதான்.

"நீயும் போய்ட்டு வாடி. இந்த சமயத்துல மகானை நேர்ல பாக்கறதுன்னா சும்மாவா? கொழந்தைக்கு நல்லது" என்றார் மாமியார்.

21, வெள்ளி

பெருங்காயம், சீயக்காய், திரிநூல் வாங்கணும். மோர் புளித்துப் போச்சு.

என்ன நாடகம் என்று இவரிடம் கேட்டேன். "வந்து பாரேன்" என்றார். மகான் கதையை ஒளிப்பானேன்?

23, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. கை ஓடவில்லை. இப்போதும் அப்படித்தான்.

மகானாவது! சிங்காரத்துக்குக் குடிகாரன் வேஷம். தாசி வீடே கதியென்று கிடக்கிறவன். திரை தூக்கியதும் எங்கள் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்திருக்கிறார், கையில் புட்டி. குள்ளம். முகத்தில் அம்மைத் தழும்பு. டாக்கியில் சுவர் அகலம் தெரிந்த முகம் இதுவா? தகரக் கூரைமேல் மழை. பின்வரிசையில் "கேக்கலே! சத்தமா!" என்று கூச்சல். அந்தக் குரல்தானே அன்று மாமியாரைக் கொட்டகையில் எழுந்து நின்று கும்பிட வைத்தது?

பெண்டாட்டியாக சபை ஆள் ஒருவர், தபால் ஆபீஸ்காரர், மீசையை எடுத்துவிட்டு. நாடகத்தில் அவளுக்கும் மாசம். அவளை வயிற்றிலேயே உதைத்தார் சிங்காரம். பொய்தான், தபால் ஆபீஸ்காரர்தான், எல்லாம் தெரியும். ஆனாலும் என் கை இரண்டும் வயிற்றை மூடிக்கொண்டன. பக்கத்து மாமி, "ஐயோ, இதெல்லாம் நீ பாக்கப்படாதுடி" என்றாள்.

முடிந்ததும் நாற்காலியை மீட்க இவர் மேடைக்குப் போனார். கூட்டத்தில் தனியே நிற்கப் பயந்து நானும் பின்னால். சிங்காரம் அதிலேயே கண்ணை மூடிக்கிடந்தார். வியர்வையில் அரிதாரம் வழிந்து பாதி முகம்தான் மிச்சம். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்துவிட்டார்.

"உக்காருங்கம்மா. மாசமா இருக்கீங்க. நான் ஒதைச்சதப் பாத்துப் பயந்துட்டீங்களா? மன்னிச்சுக்கணும்."

நான் உட்காரவில்லை.

"எங்க வீட்லயும் ஏறாத கோயில் இல்ல. கல்யாணமாகிப் பல வருஷம் ஆச்சு, ஒண்ணும் தங்கல. நீங்க கும்பிடுற சாமிகிட்ட அவளுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்று கைகூப்பினார்.

நான் கும்பிடுகிற சாமி! எந்த முகத்தோடு என்ன சொல்ல? தலையை மட்டும் ஆட்டினேன்.

வழியில் ரிக்‌ஷாக்காரன், "இன்னா சாமி, சிங்காரத்தப் பாத்துக்கினு வரீங்களா? எப்டி கீறாரு?"

"குள்ளமா இருக்கார்ப்பா" என்றார் இவர்.

"அட போ சாமி. படத்துல பனமரம் கணக்கா கீறாரு!" அவன் நம்பவே இல்லை.

"மகான் எப்படிடி இருந்தார்?" வாசலிலேயே மாமியார். "நன்னா இருந்தார்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

இவர்மேல்தான் கோபம். முன்னாலேயே சொன்னால் என்ன? "சொன்னா அம்மா நாற்காலி குடுத்திருப்பாளா?" என்கிறார். நாற்காலிதான் பெரிசு.

இதெல்லாம் போகட்டும். அந்த உதையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் போல. போன இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பம்.

24, திங்கள்

அசைவு இல்லை. இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்தேன். வெல்லம் தின்றேன். இல்லை.

மாமியார் கோயிலுக்குப் போனதும் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். தம் வீட்டுக்கே ஒன்றும் செய்துகொள்ள முடியாத மனுஷர் எனக்கு என்ன செய்வார்? பிறகு பயம். இவ்வளவு நாள் காப்பாற்றியது யார்? திரும்பவும் நேராக வைத்தேன். பைத்தியம்தான் பிடித்துவிட்டது எனக்கு.

இவரிடம் சொல்லிவிட்டேன். முகம் வெளுத்துப்போனது. நாளைக் காலை நர்ஸம்மாவிடம் போகலாம் என்றார். நாற்காலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

25, செவ்வாய்

மழை விட்டது. நர்ஸம்மா வயிற்றில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் எனக்குக் கேட்டது. "இருக்கும்மா, நல்லாத்தான் இருக்கு. தூங்கிக்கினு கீது போல. அழாத" என்றாள். ரிக்‌ஷாவில் ஏறும்போது விலா ஓரம் ஒரு இடி. இன்னொன்று. இவர் கையைப் பிடித்து அங்கே வைத்தேன், நடுத்தெருவில், வெட்கமில்லாமல்.

இவர் சொல்லி எல்லாம் தெரிந்ததும் மாமியார் இன்று படத்துக்கு இரண்டு குங்குமப் பொட்டு வைத்தார். "பாத்தியா, மகான் கைவிடுவாரா?" காப்பாற்றியது யார், அந்தப் படமா, முருகனா, வெறும் தூக்கமா, எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் விளக்கேற்றினேன். சிங்காரத்திடம் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேனே. முருகனைப் பார்த்துத்தான் கேட்க நினைத்தேன். பழக்கம், கண் பக்கத்துப் படத்துக்கே போயிற்று. சரி என்று அவரிடமே கேட்டுவிட்டேன்: உங்காத்துல அந்தப் பொண்ணு ஏறாத கோயில் இல்லையாம், அவளுக்கும் ஒரு கொழந்தையைக் குடுங்கோ.