‘எல்லாரும்’ எண்டால் ஆரார்?

எசன், ஜேர்மனி, 20.12.2000

அன்புள்ள ஜசிந்தாவுக்கு,

மடுமாதாவின்ரை காவலிலை நான் சுகம். உமக்கு இருமல் விட்டுதோ?

அமெரிக்க எலெக்சன் முடிவு றேடியோவிலை கேட்டிருப்பீர். ஜனாதிபதியைத் தேர்தல் கல்லூரிதான் தெரிவு செய்யுதாம். நான் பள்ளிக்கூடமாக்கும் எண்டு நினைச்சு, “வாத்திமாருக்கு இதிலை என்ன வேலை?” எண்டு கேட்டன். என்னோடை றெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவிற கொட்வின் விழுந்து விழுந்து சிரிச்சான். அந்தச் சிரிப்பிலை ஒரு கிளாஸ் உடைஞ்சு என்ரை கையிலை சின்னக் கீறல். யோசிக்காதையும்.

பிறகு அவன் விளங்கப்படுத்தினான். ஒரு மாநிலத்திலை ஒருத்தர் கொஞ்ச வோட்டுக் கூடுதலா எடுத்தாலே, அநேகமா முழு மாநிலமும் அவருக்குத்தானாம். மற்றவருக்குப் போட்ட சனம் இருந்த இடமே தெரியாது. நாடு முழுக்கக் கூடுதலா எடுத்தவர் தோத்ததும் அப்பிடித்தான்.

அறைக்கு வந்து உம்மடை கடிதங்களைத் திரும்ப வாசிச்சன். மூண்டிலையும் “இஞ்சை எல்லாரும் சுகம்” எண்டு மட்டும் இருக்கு. இதுவும் அந்த மாநிலக் கணக்கோ எண்டு எனக்குச் சந்தேகமாக் கிடக்கு. அம்மாவும் அதிலை சேர்த்தியோ? இனி ஒவ்வொருத்தற்றை பேரையும் தனித்தனியா எழுதும். கீழை அம்மா தன்ரை கையாலை ஒரு வரி எழுதவேணும்.

வேலைக்கு நேரமாச்சு. நானும் இனி மறைக்கேல்லை: அந்தச் சின்னக் கீறலுக்கு நாலு தையல்.

உம்மடை
பீலிக்ஸ்