திரை போட்ட வேன்

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நீங்கள் வேலைநிறுத்தம் என்று வீட்டுக்கும் வராமல் கம்பெனி வாசலிலேயே உட்கார்ந்த பிறகு, நம் தெருக்கோடி கல்வி மையத்துக்குத் தையல் பழகப் போகிறேன். கோபப்படாதீர்கள். வகுப்பு இலவசம், டீயும் உண்டு. சும்மா யார் கொடுப்பார்கள் என்று முதல் நாளே மனசு உறுத்தியது. டீச்சர் காலர் தைக்க மட்டும்தான் சொல்லிக்கொடுத்தாள். அது உங்கள் கம்பெனியில் தைக்கும் சட்டையின் காலர் போலவே இருந்தது.

நேற்று, "நாளைக்கே வேலை, வேன் வரும்" என்றாள்.

"எந்தக் கம்பெனிங்க?"

"போனா தெரிஞ்சிடும். உனக்கு எதுக்கும்மா இந்த ஆராய்ச்சி?"

இன்று காலையில் வேன் வந்தது. சன்னலெல்லாம் திரை. ஏறி உட்கார்ந்த பிறகு டிரைவரிடம் கேட்டேன், "ஏண்ணே திரை?"

"வாசல்ல ஸ்ட்ரைக் பண்றவங்க கல்லெறியறாங்கம்மா. போன வாரம் ஒரு பொண்ணுக்கு நெத்தி கிழிஞ்சிடுச்சு."

அது உங்கள் கம்பெனி வாசல்தான் என்று புரிந்து இறங்கிவிட்டேன். "நம்ம ஆளுங்க வேலையைப் பிடுங்கத்தான் நம்மளக் கூட்டிட்டுப் போறாங்க" என்று வேனில் இருந்த மற்ற பெண்களிடமும் சொன்னேன். என்னோடு வகுப்பில் உட்கார்ந்தவள் மட்டும் பதில் சொன்னாள்: "தெரியுதுக்கா. ஆனா எங்க வீட்ல சம்பாதிக்க வேற யாரு இருக்கா?" வேன் போய்விட்டது.

நாளையும் அவள் அதில்தான் வருவாள். வழியை மறியுங்கள், தொண்டை கிழியக் கத்துங்கள். போன வாரம் அந்தக் கல்லை எறிந்தது நீங்கள் இல்லையென்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி