நாற்பதாம் நாள் குளிப்பு

காஜா பேராங், மலாக்கா
18.5.1962

அன்பு மகன் சிஹாபுதீனுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தூரச் சீமையில் உன் உடம்பை அல்லாஹ் காப்பானாக. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் அடுத்த வரி வர வேண்டும், எழுதக் கை வரவில்லை. இதைப் படுத்தபடியே படி மகனே, என்ன எழுதியிருந்தாலும் கட்டிலை விட்டு எழுந்துவிடாதே. தந்தி அடிக்கப் புறப்பட்ட வாப்பாவை நான்தான் தடுத்தேன், தந்தியைக் கண்டால் நீ துள்ளி எழுவாய் என்று பயம். உன் கூடப் பிறந்த லாத்தா ஹஸீனா போன வெள்ளிக்கிழமை மௌத்தாகி நம்மை விட்டுப் போய்விட்டாள். அவள் குழந்தை சுகம், டின் பால் குடிக்கிறது.

பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவளை நம் வழக்கப்படி படுக்கையை விட்டு இறக்கவில்லை. கால் வீக்கம் வடியட்டும் என்று கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினேன். பச்சை உடம்புக்குத் தண்ணீர் பகை என்று நாளுக்கு ஒரு தம்ளர் சுக்குத் தண்ணீர்தான். இன்னும் ஒரு வாய் குடுங்க உம்மா என்று கேட்பாள், நாற்பது கழியட்டும் என்பேன். முப்பத்துமூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. ராக்கெட்டில் ஆகாயத்துக்குப் போகிறவர்களுக்கு உடம்பின் பாரம் தெரியாதாம், அதைச் சோதிக்க உங்களை ஆறு வாரம் தலை தாழ்த்திப் படுக்கப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படுத்ததும் ரத்தம் மேலே ஏற, தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று உடம்பு ஏமாந்துபோகுமாம், தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஹார்மோன் குறைந்து எல்லாம் சிறுநீராய்ப் போய்விடுமாம், உனக்கு முன்னால் படுத்திருந்தவன் எழுந்து நின்றதும் சாய, இரண்டு டாக்டர்கள் தாங்கினார்களாம். சும்மா படுத்துக் கிடக்கவா என் பிள்ளையைக் கப்பலேற்றினேன் என்று நான் கேலி செய்தேன். ஹஸீனாவும் படுத்தபடி கேட்டுச் சிரித்தாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, ஆகாயத்துச் சங்கதி என்று மடித்து வைத்துவிட்டேன்.

நாற்பதாம் நாள் காலை, பிரசவம் பார்த்த பீவி குளிப்பாட்ட வந்தாள். எழும்பும்மா, வெந்நீர் ஆறுது என்று நான்தான் எழுப்பினேன். கிணற்றடி வரை கைப்பிடித்து வந்தாள். துண்டை எடுக்கத் திரும்பினேன், அதற்குள் விழுந்துவிட்டாள். சிமெண்டு விளிம்பில் பின்மண்டை அடிபட்டு, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. எத்தனையோ பேரைக் குளிப்பாட்டினேன், இப்படி ஆனதில்லையே என்று பீவி தலையில் அடித்துக்கொண்டாள். மருமகன் காதர் மைதீன், யார் மேலயும் குத்தமில்ல மாமி, அல்லாஹ்வோட நாட்டம் என்கிறார். வாப்பா ஜாலான் பெண்டஹாரா துணிக்கடையைத் திறந்துவிட்டார்கள், துணி கிழித்துக் கொடுக்கிறார்கள். எனக்கு அழுகையே வரவில்லை. கொடுத்ததைத் தின்கிறேன், குழந்தையைக் கழுவுகிறேன், நெஞ்சு மரத்துக் கிடக்கிறது.

நீ எழுகிற நாளில் முதலில் உட்கார், தண்ணீர் கேட்டுக் குடி, இரண்டு பக்கமும் ஆள் இல்லாமல் நிற்காதே. உன் டாக்டரிடம் ஒன்று கேள். தண்ணீர் கொடுத்து, இடையிடையே உட்கார வைத்து நடக்க விட்டிருந்தால் அவள் விழாமல் இருந்திருப்பாளா? உம்மா மனம் நோகும் என்று பார்க்காதே, உள்ளதை எழுது. பக்கத்து வீட்டு மல்லிகாவுக்குப் பிள்ளை பிறந்து இன்று பத்தாம் நாள். நேற்று ஒரு செம்பு தண்ணீர் கொண்டு போனேன், அவள் மாமியார் வாசலிலேயே வாங்கிக் கீழே ஊற்றிவிட்டாள். நல்ல தமிழில், பெரிய எழுத்தில் எழுது, நான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவளுக்கு இன்னும் முப்பது நாள் இருக்கிறது.

துஆவுடன்,
உன் உம்மா
ஜமீலா